மொட்டைப் பெட்டிசமும் பெயர் எழுதிய மனுவும்

இவ்வருடம் ஜனவரி மாதம், தரம் 6 ஆங்கில மொடியூல் விவகாரம் நாடெங்கும் சூடுபிடித்திருந்த நாட்களில், ஒரு தாய் என்னைப் பாடசாலை வாயிலில் மறித்தார். அவருடைய மகளுக்கு நான் வரலாறு படிப்பிக்கிறேன். "டீச்சர், புள்ளட புத்தகத்துல பிழை இருந்தா நாங்க ஆருக்கு எழுதுற?" என்று கேட்டார்.

பதில் எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் அதிபரின் அறை யன்னல் திறந்திருந்தது. "அதிபர்ட்ட சொல்லிப் பாருங்களேன்" என்று நழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் தொண்டையில் நின்றது. இருபது வருடங்களுக்கு மேலாகப் படிப்பிக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் பியாஜே என்ன சொன்னார், கரும்பலகையை எப்படிப் பிரிப்பது, பாடக்குறிப்பில் நோக்கத்தை எப்படி எழுதுவது என்றெல்லாம் சொல்லித் தந்தார்கள். பாடத்தில் உடன்பாடில்லாத ஒரு பெற்றோர் அரசாங்கத்திடம் எப்படிப் பேசலாம் என்பதற்கு ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்படவில்லை. அந்தத் தாய்க்கு வாயிலில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மொடியூல் விவகாரம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கல்விச் சீர்திருத்தத்தின் கீழ் தரம் 6க்கென அச்சிடப்பட்ட ஆங்கில மொடியூலில் சிறுவர்களுக்குப் பொருத்தமற்ற ஓர் இணையத்தள முகவரி இடம்பெற்றிருந்தது. அது வெளியே தெரியவந்ததும் விநியோகம் நிறுத்தப்பட்டது. விசாரணை தொடங்கியது. கல்வி அமைச்சுப் பொறுப்பையும் வகிக்கும் பிரதமர் ஹரிணி அமரசூரியவுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை பற்றிய பேச்சு எழுந்தது. ஈற்றில் தரம் 6 சீர்திருத்தம் 2027 வரை பிற்போடப்பட்டது. எல்லாம் சில வாரங்களுக்குள் நடந்து முடிந்தன.

"பார்த்தீங்களா, சத்தம் போட்டாத்தான் நடக்கும்" என்றார் எங்கள் ஓய்வறையில் ஒரு சேர். அவர் சொன்னதில் பாதி உண்மை. சத்தம் போட்டவர்கள் கட்சிகளும் ஊடகங்களும். சத்தம் எடுபட்டதற்குக் காரணம், அது ஒரே பார்வையில் எவருக்கும் விளங்கக்கூடிய பிழை. தமிழ் மொழிமூலப் பிள்ளைகளின் வினாத்தாளில் ஒரு வசனம் மொழிபெயர்ப்பில் தலைகீழாகிப் போவதும், ஒரு பாடத்துக்கு வருடக் கணக்கில் ஆசிரியர் இல்லாதிருப்பதும், ஒரு பாட அலகு யாருக்கும் தெரியாமல் வகுப்பில் தாண்டப்படுவதும் அப்படியல்ல. இவற்றுக்காக எந்தத் தொலைக்காட்சியும் வாகனம் அனுப்பாது. இவற்றுக்கெல்லாம் இருப்பது பேப்பரும் பேனையும்தான். அந்தப் பேப்பரையும் பேனையையும் நமது சமூகம் எதற்குப் பயன்படுத்துகிறது என்பதுதான் எனது கவலை.

எங்கள் ஊர்களில் "பெட்டிசம்" என்ற சொல்லில் ஒரு கெட்ட மணம் ஒட்டியிருக்கிறது. காலனித்துவ காலத்திலிருந்து வந்த சொல். அரசாங்கத்திடம் ஒரு பிரஜை தன் குறையை எழுதிக் கொடுப்பது என்பதே அதன் பொருள். இன்று "அவர் பெட்டிசம் அடிக்கிறவர்" என்றால், பெயர் போடாமல் இன்னொருவரை மாட்டிவிடுகிறவர் என்று விளங்கிக்கொள்கிறோம். வலயக் கல்விப் பணிமனைகளுக்குப் போகும் மொட்டைப் பெட்டிசங்கள் எதைப் பற்றியவை என்று இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதிபர் கணக்குக் காட்டவில்லை, இன்ன ஆசிரியர் பிந்தி வருகிறார், இன்ன ஆசிரியைக்கும் இன்னாருக்கும் என்ன பேச்சு. எல்லாம் ஆட்களைப் பற்றியவை. பாடத்தைப் பற்றிய மொட்டைப் பெட்டிசம் என்று நான் கண்டது ஒன்றே ஒன்று.

அப்போது நான் வேறொரு பாடசாலையில் இருந்தேன். விஞ்ஞானம் படிப்பிக்க ஓர் இளம் ஆசிரியை வந்திருந்தார். மனித இனப்பெருக்கம் பற்றிய அலகை, பாடநூலில் உள்ள படத்தை வரைந்து, உள்ளது உள்ளபடி மாணவிகளுக்கு விளங்கப்படுத்தினார். இரண்டு வாரம் கழித்து ஒரு பெட்டிசம் போயிருந்தது. தட்டச்சில் மூன்று பக்கம். அதில் அந்தப் பாடத்துக்கு இரண்டே வரிகள். மீதியெல்லாம் அவர் எந்த பஸ்ஸில் வருகிறார், யாரோடு சிரித்துப் பேசுகிறார், முந்தானையை எப்படிப் போடுகிறார் என்பன. விசாரணைக்கு வந்த உத்தியோகத்தர்கள் எங்களிடமும் வாக்குமூலம் எடுத்தார்கள். ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் "சேவையின் தேவை கருதி" அவருக்கு இடமாற்றம் வந்தது. அழுதுகொண்டு போகவில்லை. அலுமாரிச் சாவியை என் கையில் தந்துவிட்டு, பிள்ளைகளின் செயன்முறைக் கொப்பிகள் திருத்தப்படாமல் இருக்கின்றன என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அந்தப் பாடசாலையில் அந்த அலகு வந்தால், "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். சாதாரண தரப் பரீட்சையில் அந்தப் புள்ளிகள் போயின. புள்ளிகளைவிடப் பெரியவையும் போயின. பதினைந்து வயதுப் பெண் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றிச் சொல்லித்தர அந்த ஊரில் இப்போது கைத்தொலைபேசியைத் தவிர வேறு யாரும் இல்லை.

அந்தப் பெட்டிசத்தை எழுதியவர்களுக்கு ஒரு கருத்து இருந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பாடத்தை மாணவிகளுக்குத் தனியாக எடுங்கள், ஆசிரியையே எடுக்கட்டும், முன்கூட்டியே தாய்மாருக்கு அறிவியுங்கள் என்று பெயரும் கையொப்பமும் போட்டுக் கேட்டிருந்தால் நானே அதில் பாதிக்கு உடன்பட்டிருப்பேன். பெயர் இல்லாததால் பதில் எழுத முகவரி இல்லை. பதில் இல்லாததால் பேச்சு இல்லை. போனது ஓர் ஆசிரியை மட்டும்.

நமக்குப் பெயர் போட்டு எழுதும் பழக்கமே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் லயார்ட் அதை ஆட்சேபித்தார். அந்த வருடத்தின் கடைசி நாளன்று மருதானையில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். தீர்மானம் எழுதினார்கள், மேலிடத்துக்கு விண்ணப்பித்தார்கள், பின்னர் அந்தத் தடை நீங்கியது. அது தலையில் அணியும் ஒரு தொப்பிக்காக. தலைக்குள் போகும் பாடத்துக்காக நாம் அவ்வளவு தூரம் மினக்கெடுவதில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எமது அரசியலமைப்பில் "மனுச் செய்யும் உரிமை" என்ற பெயரில் தனியான உறுப்புரை கிடையாது. ஐக்கிய அமெரிக்காவில் அரசியலமைப்பின் முதலாவது திருத்தத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. நம்மிடம் இருப்பது துண்டு துண்டாக இருக்கிறது, சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உறுப்புரை 14(1)(அ) பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் சுதந்திரம் தருகிறது. 2015இல் 19ஆவது திருத்தம் சேர்த்த 14அ, அரசாங்கத்திடமுள்ள தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. 12(2) இனம், மதம், மொழி காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. இவை மீறப்பட்டால் 126இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். எழுதும் மொழி பற்றியும் ஒரு தயக்கம் நம்மிடம் உண்டு. சிங்களத்தில் எழுதினால்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பலர் எழுதாமலே விடுகிறார்கள். தமிழில் எழுதவும் பதில் பெறவும் உறுப்புரை 22 உரிமை தந்திருக்கிறது. சிங்களத்தில் ஒரு சுருக்கம் இணைத்தால் வேலை விரைவாக நடக்கும் என்பது எனது அனுபவம், ஆனால் அது நிபந்தனையல்ல.

அடுத்த குழப்பம் யாருக்கு எழுதுவது என்பது. பாடநூலின் முதற் பக்கங்களை எங்கள் பெற்றோர் புரட்டுவதில்லை. எழுத்தாளர் குழு, பதிப்பாசிரியர் குழு என்று பெயர்களோடு அங்கே அச்சிட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் உள்ள வசனம் பிழை என்றால் எழுத வேண்டிய இடம் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி வெளியீட்டுத் திணைக்களம். பாடத்திட்டத்திலோ ஆசிரியர் வழிகாட்டியிலோ பிரச்சினை என்றால் மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம். அரசாங்கத்தின் பரீட்சைத் தாள் என்றால் பரீட்சைத் திணைக்களம். கொள்கை பற்றியது என்றால் 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய கல்வி ஆணைக்குழு. ஆசிரியர் இல்லை, பாடம் நடக்கவில்லை என்றால் மாகாணப் பாடசாலைக்கு வலயமும் மாகாணத் திணைக்களமும், தேசிய பாடசாலைக்கு அமைச்சு. நாமோ எல்லாவற்றையும் எம்பியிடம் கொண்டுபோகிறோம். எம்பி ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கிறார். அழைப்புக்குப் பதிவு இல்லை, பிரதி இல்லை, பதிலளிக்க வேண்டிய கடமையும் யாருக்கும் இல்லை.

எம்பியிடம் போவதென்றால் வேறொன்றுக்காகப் போகலாம். பாராளுமன்றத்தில் பொதுமனுக்கள் பற்றிய குழு என்று ஒன்று இருக்கிறது. பொதுமகனின் மனுவை ஓர் உறுப்பினர் சமர்ப்பிக்க வேண்டும். சமர்ப்பித்தால் அது பதிவாகிறது, குழு சம்பந்தப்பட்ட அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். கையொப்பமிட்ட மனுவோடு உங்கள் உறுப்பினரிடம் போய் இதைச் சபையில் சமர்ப்பியுங்கள் என்று கேட்பதும், சேர் ஒரு கோல் எடுங்க என்று கேட்பதும் ஒன்றல்ல. இதைவிட நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், அதாவது ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். முன்னர் பாராளுமன்றக் குழுவின் ஊடாகவே அவரை அணுக முடிந்தது. 1994 திருத்தத்தின் பின்னர் நேரடியாக எழுதலாம்.

நீதிமன்றம் பெரியவர்களுக்கு உரியது என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பாருங்கள். முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானதாகத் தெரியவந்து, அவற்றுக்கு எல்லோருக்கும் புள்ளி வழங்குவது என்று தீர்மானித்தார்கள். பெற்றோர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். அந்தத் தீர்மானம் பிள்ளைகளின் அடிப்படை உரிமையை மீறுகிறது என்று 2024 டிசம்பர் 31ஆம் திகதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து வயதுப் பிள்ளைகளின் மூன்று வினாக்கள். கேட்டவர்கள் தாயும் தகப்பனும்.

ஒரு எச்சரிக்கை. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே தவணை. ரமழான் முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று இருந்தால் கதவு மூடிவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கொழும்புச் சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாத ஊர்க்காரருக்கு இது சிறிய விடயமல்ல.

ஆனால் இத்தனைக்குள்ளும் நமக்கு மிகவும் கைக்கெட்டியது தகவலறியும் உரிமைச் சட்டம் என்று நான் நினைக்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வெறும் தாளில் எழுதலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தராவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. இந்தச் சட்டம் கையில் இருந்தும் நாம் ஒரு பெரிய சந்தர்ப்பத்தைத் தவறவிட்டோம்.

2021இல் இஸ்லாம் பாடநூல்களில் சில வகுப்புகளுக்கானவை திருத்தத்துக்கென்று மீளப் பெறப்பட்டன. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரான காலம் அது. எல்லோர் மனதிலும் பயம் இருந்தது, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஓய்வறையில் நாங்கள் பேசிக்கொண்டது இன்னும் காதில் கேட்கிறது. ஜம்இய்யத்துல் உலமா பார்த்துக்கொள்ளும் என்றார் ஒருவர். நம்மட எம்பிமார் என்ன செய்கிறார்கள் என்றார் இன்னொருவர். இப்போது வாயைத் திறந்தால் வேறு கதையாகிவிடும் என்றார் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் நான்தான்.

அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மிகச் சாதாரணமானவை. எந்த வகுப்பு நூலில், எந்தப் பக்கத்தில், எந்த வசனம் பிரச்சினை என்று கருதப்பட்டது? அதைத் தீர்மானித்தவர்கள் யார், அவர்களில் அப்பாடத்தைக் கற்றவர்கள் எத்தனை பேர்? திருத்திய நூல் எப்போது பிள்ளைகளின் கைக்கு வரும், அதுவரை ஆசிரியர் எதை வைத்துப் படிப்பிப்பது? இதில் எதிர்ப்பு இல்லை, அரசியல் இல்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளையின் புத்தகத்தைப் பற்றிக் கேட்கும் கேள்வி. ஒரு முத்திரைச் செலவு. நான் படிப்பித்த பாடசாலையில் ஒரு பெற்றோர்கூட அப்படி எழுதவில்லை. நாங்களும் எழுதச் சொல்லவில்லை. தலைவர்கள் பாராளுமன்றத்தில் பேசினார்கள், அறிக்கைகள் வந்தன. அவை தேவைதான். ஆனால் ஆயிரம் வீடுகளிலிருந்து ஆயிரம் கடிதங்கள் போயிருந்தால் அது சிறுபான்மைத் தலைவர்களின் கோரிக்கையாகத் தெரிந்திருக்காது, பெற்றோரின் கேள்வியாகத் தெரிந்திருக்கும். சிங்களப் பெற்றோருக்கும் அது விளங்கியிருக்கும். புலமைப்பரிசில் வழக்கில் கேட்கப்பட்ட அதே வகைக் கேள்விதான் அது.

எழுதினால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பெரிய வெற்றிக் கதை அல்ல. அரசாங்க உத்தியோகத்தர் என்ற வகையில் தாபன விதிக்கோவை எப்போதும் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும், ஆதலால் ஊரோ வலயமோ எழுத மாட்டேன். என் மகன் படிக்கும் பாடசாலையில் இரண்டாம் தேசிய மொழியான சிங்களத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆசிரியர் இல்லை. நேரசூசியில் பாடம் இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் மைதானத்தில் இருப்பார்கள். நாளைக்குக் கச்சேரியிலும் பொலிஸிலும் வைத்தியசாலையிலும் வாய் திறக்க முடியாமல் நிற்கப்போவது இந்தப் பிள்ளைகள்தான்.

தாய்மார் சிலர் சேர்ந்து எழுதத் தொடங்கினோம். முதல் வரைவில் அதிபரைத் திட்டி ஒன்றரைப் பக்கம் இருந்தது. பழக்க தோஷம். ஒரு சகோதரி அதை அப்படியே வெட்டிவிட்டு, "எங்களுக்கு வேண்டியது பாடம், அவர்ர வேலை இல்ல" என்றார். கையொப்பம் வாங்கப் போனபோதுதான் விடயம் விளங்கியது. கடை வைத்திருக்கும் ஒருவர், வலயத்தில் சாமான் விநியோகம் இருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்றார். ஒரு மூதாட்டி பேரனுக்காகக் கைநாட்டு வைத்தார். "எழுதினா புள்ளைக்கி ஏதும் வருமா?" என்று கேட்காத வீடு இல்லை. அந்தக் கேள்விக்கு எங்களிடம் உத்தரவாதம் இருக்கவில்லை. தனியாக ஒரு பெயர் இருந்தால் அந்தப் பிள்ளை யாரென்று தெரியும், முப்பத்தேழு பெயர் இருந்தால் தெரியாது என்று மட்டும் சொன்னோம். முப்பத்தேழு பேர் ஒப்பமிட்டார்கள். நானும் ஒரு தாயாக ஒப்பமிட்டேன், பதவியை எழுதவில்லை.

பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து, "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று இரண்டு வரிப் பதில். அதற்குப் பிறகு தகவல் கோரிக்கை ஒன்று போட்டோம். இப்பாடசாலைக்கு அப்பாடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, தற்போது சம்பளப் பட்டியலில் இருப்பவர் எத்தனை பேர், அவர்கள் எங்கே கடமையாற்றுகிறார்கள்? வந்த பதிலை வாசித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்களுக்கு ஆசிரியர் இருந்திருக்கிறார். காகிதத்தில் எங்கள் பாடசாலை, ஆள் ஓர் அலுவலகத்தில் "இணைப்பில்". இதைத் தெரிந்துகொண்ட பிறகு இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான். இப்போது அவர் வாரத்தில் மூன்று நாள் வருகிறார். மற்ற இரண்டு நாளும் இன்னும் வரவில்லை. மகன் சிங்களத்தில் தன் பெயரை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போவது நேர்மையல்ல. மனு எழுதும் உரிமை நமக்கு மட்டும் உரியதல்ல. இஸ்லாம் பாடநூலில் இருப்பது ஆபத்து என்று நினைக்கும் வேறு சமூகத்தவரும் எழுதலாம். நம்மவரிலேயே சங்கீதம் வேண்டாம், சித்திரத்தில் உருவம் வேண்டாம், சுகாதாரப் பாடத்தில் அந்த அலகு வேண்டாம் என்று எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே உரிமைதான். கேட்கப்படும் உரிமை வேறு, கேட்டதெல்லாம் கிடைக்கும் உரிமை வேறு. முப்பத்தேழு கையொப்பம் இருப்பதற்காக இதயத்தின் நான்கு அறை மூன்றாகிவிடாது. பாடம் எதுவாக இருக்க வேண்டும் என்பதைத் துறைசார்ந்தவர்கள் காரணத்தோடு தீர்மானிக்க வேண்டும், அந்தக் காரணத்தைப் பெற்றோருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். 2021இல் எனக்குக் கசந்தது திருத்தம் நடந்தது அல்ல. பாடநூலைத் திருத்துவது எந்த நாட்டிலும் நடப்பது. காரணம் ஒரு பெற்றோரின் கைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் கசந்தது. அந்த விஞ்ஞான ஆசிரியைக்கு நாம் செய்ததும் அதுதானே. அவருக்கும் யாரும் காரணம் எழுதித் தரவில்லை.

பள்ளிவாசல் நிருவாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இதில் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை உண்டு. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெயின்ட், கூரை, இல்ல விளையாட்டுப் போட்டி என்று மூன்று மணித்தியாலம் போகிறது. பிள்ளை என்ன படிக்கிறது என்பதற்கு நிகழ்ச்சி நிரலில் ஓர் இடம் வைத்தால் போதும். தவணைக்கு ஒரு தடவை, எந்தப் பாடத்தில் எத்தனை அலகு முடிந்தது என்று கேட்டு, பதிலைக் குறிப்பில் எழுதிக்கொள்ளட்டும். ஆசிரியர்களில் சிலருக்கு இது பிடிக்காது. எனக்கும் எல்லா நாளும் பிடிக்குமென்று சொல்ல மாட்டேன்.

வாயிலில் மறித்த அந்தத் தாயை நோன்புக்கு முன் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். 2027இல் வரப்போகும் தரம் 6 மொடியூல்கள் பற்றி நான்கு கேள்விகள் எழுதினார்கள். தமிழ் மொழிமூலப் பிரதிகள் எப்போது அச்சாகும், அவற்றை மொழிபெயர்ப்பவர்களும் சரிபார்ப்பவர்களும் யார், எங்கள் பாடசாலை ஆசிரியர்களுக்குப் பயிற்சி எத்தனை நாள் என்று மூன்று கேள்விகளில் எல்லோருக்கும் இணக்கம். நான்காவது சுகாதாரப் பாடம் பற்றியது. "அந்தப் பாடத்தை எடுக்க வேண்டாம்" என்று எழுதச் சொன்னார் ஒருவர். "எப்படி எடுப்பீர்கள்" என்று கேட்டால் போதும் என்றார் இன்னொருவர். அஸருக்கு பாங்கு சொல்லும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடிதம் மூன்று கேள்விகளோடும் ஐந்து பெயர்களோடும் மஹரகமவுக்குப் போயிருக்கிறது. நான்காவது கேள்விக்காக மறுபடியும் கூடுவதாக இருக்கிறோம்.